பழைய மோட்டார் படகில் இரண்டு பெட்ரோல் டேங்குகளில் ஒன்று மட்டும் கசிகிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, 14 மாதத்தில் அதே டெக்கை (படகின் மேல்தளத்தை) மறுபடி அறுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

என்னுடையது 24 வருடப் படகு. டெக்குக்கு அடியில் இடமும் வலமுமாக 200 லிட்டர் அலுமினிய டேங்குகள் இரண்டு. ஒருநாள் காலை கேபின் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை. ஹோஸ், கிளாம்ப், ஃபில்டர் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன், எங்கும் ஈரமில்லை. டெக்கை அறுத்து இடது டேங்கை வெளியே தூக்கிய பிறகுதான் அதன் அடித்தகட்டில் குண்டூசி நுழையும் அளவுக்குத் துளைகள் இருப்பது தெரிந்தது. வலது டேங்கின் மேல்பக்கம் புதிதுபோல் பளபளத்தது. அதை நம்பி அப்படியே விட்டுவிட்டேன். அங்கேதான் தவறினேன். இந்த டேங்குகள் பெரும்பாலும் அடியிலிருந்துதான் கெடுகின்றன, அதுவும் வெளிப்பக்கமாக.

காற்று படும் அலுமினியம் தன்மேல் தானே ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். உப்புநீர் தேங்கி, காற்று புகாமல் அடைந்து கிடக்கும் இடத்தில் அந்தப் படலம் சிதைந்துவிடும், திரும்ப உருவாகாது. பிறகு உலோகம் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்து அரிக்கும். டேங்கைச் சுற்றி ஊற்றிய நுரை, அடியில் செருகிய ரப்பர், கார்ப்பெட் துண்டு எல்லாம் ஈரத்தை உலோகத்தோடு ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்பவை. உங்கள் இரண்டு டேங்குக்கும் ஒரே வயது, ஒரே ஈரம். ஒன்று கசிந்தால் மற்றதும் அதே பாதையில்தான் இருக்கிறது.

ஒட்டுப்போட்டு ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெட்ரோல் விஷயத்தில் தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே கலைந்து போகாமல் படகின் அடிப்பள்ளத்தில் தங்கிவிடும். காற்றில் வெறும் 1.4 சதவீதம் கலந்திருந்தாலே ஒரு பொறி பட்டால் வெடிக்கும். பழைய டேங்கைக் காலி செய்துவிட்டோமே என்று வெல்டிங் வைப்பது இன்னும் ஆபத்து, காலி டேங்குக்குள் இருப்பது முழுக்க ஆவிதான். மேல் டெக்கை அறுப்பதாக இருந்தாலும் முதலில் பெட்ரோலை முழுக்க இறைத்து, ஆவி இல்லை என்று உறுதி செய்த பிறகே மெஷினைக் கையில் எடுங்கள்.

புது டேங்குக்கு நான் திரும்பவும் அலுமினியமே எடுத்தேன். 5083 ரகம், 3 மி.மீ. தகடு, வெளியே இரண்டு கோட் எபாக்சி. பிளாஸ்டிக் டேங்க் அரிக்காது, நல்லதுதான். ஆனால் பெட்ரோல் ஊறியதும் நீள அகலத்தில் சுமார் 2 சதவீதம் விரியும். அளவெடுத்துக் கச்சிதமாகச் செருகினால் பக்கச்சுவரை நெருக்கும். என்னிடம் அந்த இடைவெளி இல்லை.

எந்த உலோக டேங்கானாலும் அதை உட்காரவைக்கும் விதத்தில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. நுரையே வேண்டாம். தண்ணீர் உறிஞ்சாத பிளாஸ்டிக் பட்டைகளை டேங்கின் அடியில் சீலன்ட் வைத்து, இடையில் ஒரு சொட்டு நீரும் புகாதபடி ஒட்டி, அந்தப் பட்டைகளின் மேல் நிறுத்துங்கள். பட்டைகளுக்கு நடுவே காற்று ஓடட்டும், வழிந்த நீர் நிற்காமல் பள்ளத்துக்கு இறங்கட்டும். பித்தளை ஃபிட்டிங்கை அலுமினியத்தில் நேராக முறுக்காதீர்கள். நடுவில் ஒரு ஸ்டெயின்லெஸ் துண்டு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த மரையைச் சுற்றி அலுமினியம் கரைந்துபோகும்.

டெக் திறந்திருக்கும்போதே ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ஹோஸ்களை உள்ளிருந்து மென்மையாக்கிவிடுகிறது. பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் எர்த் வயரையும் மறக்கவேண்டாம், நிலைமின் பொறியைத் தடுப்பது அதுதான். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று மீட்டருக்குச் சொல்லும் சென்டர் (sender) வாங்கும்போது, அதன் மின்தடை மீட்டரோடு பொருந்துகிறதா பாருங்கள். 240 முதல் 33 ஓம் வரை ஒரு வகை, 10 முதல் 180 ஓம் வரை இன்னொரு வகை. மாறிப்போனால் மீட்டர் தவறாகவே காட்டும்.

டேங்கின் கசிவுச் சோதனை 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) அழுத்தத்தில், கைப்பம்பால் மட்டும். அது சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் ஒரு சதுர மீட்டர் தகட்டின்மேல் ஏறத்தாழ 2 டன் பாரம் அது. கம்ப்ரசர் கண்ணிமைக்கும் நேரத்தில் டேங்கை உப்பவைத்துவிடும். மூட்டுகளில் சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். எல்லாவற்றையும் இணைத்த பிறகு இரண்டு டேங்கையும் நிரப்பி, டெக்கை மூடாமல் ஓர் இரவு விட்டேன். விடிந்ததும் ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் வெள்ளைக் காகிதத்தை வைத்து ஒற்றி எடுத்தேன். வலது டேங்கின் அவுட்லெட்டில் மட்டும் லேசான கறை. அதை இறுக்கி, இன்னொரு இரவு காத்திருந்து, காகிதம் காய்ந்தே வந்த பிறகுதான் டெக்கை ஒட்டினேன். இம்முறை இரண்டு டேங்குக்கும் மேலே, டெக்கில் கை நுழையும் அளவுக்குத் திறக்கும் ஒரு மூடியும் வைத்திருக்கிறேன்.