லேசர் செய்த முகத்துக்கு எதை வாங்குவது, எதைக் கடையிலேயே விடுவது?

கேள்வி: பருத்தழும்புக்காக நேற்று முன்தினம் முகத்தில் ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் செய்துகொண்டேன். கிளம்பும்போது கிளினிக்கில் ஒரு பெட்டியைக் காட்டி, இதை வாங்கினால்தான் தோல் ஆறும் என்கிற மாதிரி பேசினார்கள். ஃபேஸ்வாஷ், வைட்டமின் சி சீரம், குரோத் ஃபேக்டர் கிரீம், வைட்டமின் இ எண்ணெய், சன்ஸ்கிரீன் என்று ஐந்து பொருள். விலையைப் பார்த்ததும் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இப்போது முகம் சிவந்து எரிகிறது. தப்பு செய்துவிட்டேனா?

பதில்: தப்பே இல்லை. அந்தப் பெட்டியில் இந்த வாரத்துக்கு உதவக்கூடியது ஃபேஸ்வாஷ் ஒன்றுதான், அதுவும் மணம் சேர்க்காத, நுரை குறைந்த மென்மையான வகையாக இருந்தால். சன்ஸ்கிரீன் மேல்தோல் மூடிய பிறகு. மற்ற மூன்றும் இப்போது வேண்டாம். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: மருத்துவர் சீட்டில் எழுதிய மருந்து வேறு, வரவேற்பு மேசையில் காட்டிய பெட்டி வேறு. உதட்டோரம் ஹெர்பீஸ் கொப்புளம் வந்து போகிறவர்களுக்கு லேசர் அதை மறுபடி கிளப்பிவிடலாம் என்பதால் வைரஸுக்கு எதிரான மாத்திரை எழுதுவார்கள். அப்படி எழுதியிருந்தால் ஒரு வேளைகூட விடாதீர்கள்.

இந்த லேசர் செய்வது என்னவென்றால், தோலில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய துளைகளைப் போடுகிறது, துளைக்கும் துளைக்கும் நடுவில் நல்ல தோலை விட்டுவைக்கிறது, அந்த நல்ல தோலிலிருந்துதான் செல்கள் நகர்ந்து வந்து துளையை மூடுகின்றன. மேல்தோல் மூடுவதற்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஆகிவிடும், சிவப்பு மட்டும் அதைத் தாண்டியும் நிற்கும். மூடாத தோலில் எதைப் போட்டாலும் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். வைட்டமின் சி சீரம் பொதுவாக அமிலத்தன்மை உள்ளது, இப்போது போட்டால் தீயாக எரியும். வைட்டமின் இ எண்ணெய் தழும்பை ஆற்றும் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் 1999-ல் அறுவைத் தழும்புகளில் செய்து பார்த்த ஒரு சிறிய ஆய்வில் பலன் தெரியவில்லை, போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமைத் தடிப்புதான் வந்தது. குரோத் ஃபேக்டர் கிரீம், அதாவது செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதம் கலந்த கிரீம், கட்டாயம் இல்லை. அது இல்லாமலும் தோல் ஆறும்.

அப்படியானால் என்ன வாங்குவது? வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, மணம் சேர்க்காதது. இவ்வளவு மலிவான பொருளா என்று தயங்க வேண்டாம். தோலிலிருந்து ஈரம் ஆவியாகிப் போவதைத் தடுப்பதில் அதற்கு ஈடாக எதையும் சொல்வது கஷ்டம், ஈரம் நின்றால்தான் செல்கள் சீக்கிரம் நகரும், காய்ந்து பொருக்கானால் தாமதமாகும். ஆன்டிபயாடிக் களிம்புதானே பாதுகாப்பு என்று கேட்பீர்கள். சிறு அறுவைக்குப் பிறகு 900-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 1996-ல் வெளிவந்த ஆய்வில் வெறும் பெட்ரோலியம் ஜெல்லியையும் பேசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பையும் ஒப்பிட்டார்கள். தொற்று வந்ததில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பேசிட்ராசினும் நியோமைசினும் ஒவ்வாமை தருவதற்குப் பேர்போனவை, அதனால் மருத்துவர் சொல்லாமல் அந்தக் களிம்புகளை நீங்களாக வாங்காதீர்கள்.

டப்பாவைவிட ட்யூப் வாங்குங்கள், டப்பாவில் ஒவ்வொரு முறையும் விரல் போகும், விரலோடு கிருமியும் போகும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் முகத்தை நனைத்து, தேய்க்காமல் மெத்தென்ற துணியால் ஒற்றியெடுத்து, மெல்லிய படலமாகப் பூசுங்கள். காயக்காயத் திரும்பப் பூசலாம். மேல்தோல் மூடியதும் ஜெல்லியை நிறுத்திவிட்டு மணமில்லாத லேசான மாய்ஸ்சரைசருக்கு மாறுங்கள், கனமான களிம்பைத் தொடர்ந்தால் பரு வர வாய்ப்பு உண்டு. மணம் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை: மணமே தெரியாத பொருளில்கூட மூலப்பொருளின் வாடையை மறைக்க வாசனை சேர்த்திருப்பார்கள், அதனால் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாமல் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள்.

மூன்றாம் நான்காம் நாளில் முகம் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், பழுப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதை உரிக்காதீர்கள், ஸ்க்ரப் போடாதீர்கள். நான் போட்டேன். கன்னத்தில் ஒரு பக்கம் வந்த கருமை மறைய நான்கு மாதம் ஆனது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எரிச்சல் நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் வலி கூடினாலோ, சீழ் வந்தாலோ, கொத்தாகக் கொப்புளம் கிளம்பினாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: லேசருக்குப் பிறகு எஸ்பிஎஃப் 100 போட்ட சன்ஸ்கிரீன்தான் வாங்க வேண்டும் என்கிறார்களே? என் நிறம் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கருப்பு.

பதில்: எண்ணுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். எஸ்பிஎஃப் 30 புறஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 என்றால் 98. 100 வரை ஏறினாலும் கூடுவது சுமார் ஒரு சதவீதம்தான். இந்தக் கணக்கும்கூட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால்தான், நம்மில் பெரும்பாலோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனி வரை பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும்; ஆக, விலை கூடிய சின்ன ட்யூபைச் சிக்கனமாகத் தடவுவதைவிட, நடுத்தர விலையில் பெரிய ட்யூபை வாங்கித் தாராளமாகப் பூசுவதுதான் கணக்குக்குச் சரி. எஸ்பிஎஃப் என்பது பெரும்பாலும் பி கதிரைப் பற்றியது, ஏ கதிருக்கும் பாதுகாப்பு உண்டா என்று தனியாகப் பாருங்கள்.

உங்கள் நிறத்துக்கு நான் சொல்வது டின்டட் சன்ஸ்கிரீன். நிறம் கூடிய தோலில் லேசருக்குப் பிறகு வரும் பெரிய தொல்லை தழும்பைவிடக் கருமைதான், அந்தக் கருமையைக் கிளப்புவதில் புறஊதாக் கதிரோடு நம் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சத்துக்கும் பங்கு இருக்கிறது, சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. டின்டட் வகையில் நிறத்துக்காகச் சேர்க்கும் அயர்ன் ஆக்சைடு அந்த வெளிச்சத்தைத் தடுக்கும். பட்டியலில் அயர்ன் ஆக்சைடும் ஜிங்க் ஆக்சைடும் இரண்டும் இருந்தால் நல்லது, ஜிங்க் ஆக்சைடு புதிதாக மூடிய தோலில் எரிச்சல் குறைவு. மேல்தோல் மூடும் முன் எந்த சன்ஸ்கிரீனும் வேண்டாம், அதுவரை நிழல், அகலமான தொப்பி, குடை.

கேள்வி: மேலுதட்டு முடிக்கு லேசர் செய்தேன். எனக்கும் இதெல்லாம் வேண்டுமா?

பதில்: வேண்டாம். முடி லேசர் தோலைத் துளைப்பதில்லை, முடிவேரில் உள்ள கருநிறத்தைத்தான் குறிவைக்கிறது. சிவப்பு ஓரிரு நாளில் அடங்கும். குளிர்ந்த துணி ஒத்தடம், மணமில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் போதும். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் முடி வளர்வது போலத் தெரிவது உண்மையில் உதிர வருவதுதான், பயந்துபோய்ப் பிடுங்காதீர்கள். வேர் இருந்தால்தான் அடுத்த முறை லேசருக்குப் பிடிக்க ஏதாவது இருக்கும்.

கேள்வி: லேசர் செய்து ஒரு மாதம் ஆகிறது, கன்னம் கருத்துவிட்டது. தோழி ஒரு கிரீம் தந்தாள், ஒரே வாரத்தில் வெளுக்கும் என்கிறாள். போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். ஒரு வாரத்தில் வெளுக்க வைக்கும் கிரீம் என்றாலே வீரியமான ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கக்கூடும். ஸ்டீராய்டு முதலில் அழகாகத்தான் இருக்கும், அப்புறம் தோல் மெலியும், ரத்தநாளம் தெரியும், பரு கிளம்பும், நிறுத்தினால் முகம் கொதிக்கும், அதனால் நிறுத்தவும் முடியாது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கலோமல், மெர்குரஸ் குளோரைடு போன்ற பெயர்களை லேபிளில் பார்த்தால் கீழே வையுங்கள். தயாரித்தவர் முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை, சேர்மானப் பட்டியல் இல்லை என்றால் யார் தந்தாலும் சரி, முகத்துக்குப் போகக்கூடாது. லேசருக்குப் பிந்தைய கருமை பெரும்பாலும் சில மாதங்களில் தானாக மங்கும், ஒழுங்காக சன்ஸ்கிரீன் போட்டால். சீக்கிரம் மங்க வேண்டுமென்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். அவர் தரும் மருந்திலும் சில சமயம் ஸ்டீராய்டு இருக்கும், ஆனால் எத்தனை வாரம் என்று அளந்து தருவார்.

கேள்வி: ஆறு சிட்டிங்குக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: முதல் சிட்டிங் முடிந்து உங்கள் தோல் எப்படி ஆறுகிறது என்று பார்க்கும் வரை கட்டாதீர்கள். கருமை வந்தால் அடுத்ததைத் தள்ளிப்போடவோ, நிறுத்தவோ வேண்டியிருக்கும், அப்போது பணம் அங்கே மாட்டிக்கொள்ளும். பிறகு கட்டுவதாக இருந்தால் எந்த லேசர், இயக்குவது யார், மருத்துவர் அப்போது அங்கே இருப்பாரா, இடையில் பக்கவிளைவு வந்து காட்டப் போனால் தனிக் கட்டணமா, பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், இதெல்லாம் பில்லிலேயே எழுத்தில் வேண்டும். வாயால் சொன்னது போதாது, கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.