பலருக்குத் தெரியாத பழைய கன்சோல் ஆக்‌ஷன் கேம்களில் கட்டாயம் விளையாட வேண்டியது எது? அதை விளையாடுவது எப்படி இருக்கும்?

என் பதில் ‘கிம்மிக்’. சன்சாஃப்ட் நிறுவனம் 1992 ஜனவரியில் ஜப்பானில், நின்டென்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்காக வெளியிட்ட பிளாட்ஃபார்ம் கேம், அதாவது திட்டுத் திட்டாகக் குதித்து முன்னேறும் கேம். பெயரையே நீங்கள் கேள்விப்படாமல் இருந்தால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இது கடைக்கு வந்த நேரத்தில் ஃபேமிகாமுக்கு அடுத்த கன்சோலான சூப்பர் ஃபேமிகாம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, எல்லார் கண்ணும் அந்தப் பக்கம் போய்விட்டது. ஜப்பானுக்கு வெளியே என்று பார்த்தால் 1993-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் மட்டும் ‘மிஸ்டர் கிம்மிக்’ என்ற பெயரில் விற்றார்கள். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் வெளியாகவே இல்லை.

கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுமியின் பிறந்தநாளுக்கு அப்பா பொம்மை வாங்கி வருகிறார், அந்தப் பொம்மைகளோடு பொம்மையாக யுமெதாரோ என்ற குட்டிப் பச்சை உயிரும் தவறுதலாக வீட்டுக்கு வந்து சேர்கிறது. அவளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்துப்போகிறது. பழைய பொம்மைகளுக்குப் பொறாமை. அவளை வேறோர் உலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. யுமெதாரோ தேடிக்கொண்டு கிளம்புகிறது. அவ்வளவுதான், இனி கதை தேவைப்படாது.

உருண்டையாக, பெரிய கண்ணோடு, தலையில் சின்னக் கொம்போடு இருக்கும் அதைப் பார்த்ததும் ‘நின்டென்டோவின் கிர்பி என்ற உருண்டைக் கதாபாத்திரத்தைக் காப்பி அடித்திருக்கிறார்கள்’ என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் முதல் கிர்பி கேம் வந்தது 1992 ஏப்ரலில், அதாவது இதற்குச் சில மாதம் கழித்து. இன்னொரு வித்தியாசமும் உண்டு. கிர்பி புதிதாக விளையாட வருகிறவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும். இந்தப் பச்சைக் குட்டியோ முகத்தைப் பார்த்து நம்பி வந்தவர்களை முதல் ஸ்டேஜிலேயே கதறவிடும்.

சரி, விளையாடும் முறைக்கு வருகிறேன். யுமெதாரோவுக்கு ஓடத் தெரியும், குதிக்கத் தெரியும், நட்சத்திரம் எறியத் தெரியும். வழியில் கிடைக்கும் சில பொருள்களைத் தவிர இந்த மூன்றும்தான் கடைசி வரைக்கும். புதுச் சக்தி, புது ஆயுதம், இரட்டைக் குதிப்பு எதுவும் போகப் போகச் சேராது. எல்லாமே அந்த நட்சத்திரத்தை நம்பித்தான்.

பி பட்டனை அழுத்திப் பிடித்தால் தலைக்கு மேலே ஒளித்துளிகள் கூடி, கொஞ்ச நேரத்தில் முழு நட்சத்திரமாகும். முழுதாக உருவாகும் முன்னால் விரலை எடுத்தால் ஒன்றும் வராது. பிடித்தபடியே ஓடலாம், குதிக்கலாம். விரலை எடுத்தால் நட்சத்திரம் நேராகப் பாயும் என்று நினைத்தால், அதுதான் இல்லை. மற்ற கேம்களில் துப்பாக்கிக் குண்டு நேர்கோட்டில் போய்ச் சேரும், இங்கே அது ரப்பர் பந்து மாதிரி முன்னால் விழுந்து, துள்ளித் துள்ளி, சரிவு இருந்தால் சரிவில் இறங்கி, சுவர் இருந்தால் முட்டித் திரும்பி, கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மறைந்துபோகும். ஒரு நேரத்தில் திரையில் ஒரே ஒரு நட்சத்திரம்தான். குறி தப்பினால் மறுபடி உருவாக்க வேண்டும், அதுவரைக்கும் எதிரி சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

அதனால் இந்த கேமில் எதிரியைக் குறிபார்ப்பதைவிடத் தரையைக் குறிபார்ப்பதுதான் முக்கியம். எந்த உயரத்தில் இருந்து எறிகிறோம், தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எதிர்ச்சுவர் எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது, இதெல்லாம் கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தானாகப் பழகிவிடும். கேரம் ஆடுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும். காயை நேராக அடிக்க முடியாதபோது பலகையின் ஓரத்தில் மோதவிட்டுத் திருப்பி எடுப்பார்கள் இல்லையா, அதே கணக்கு. என்ன, இங்கே ஸ்ட்ரைக்கரும் நீங்கள் எறிந்ததுதான், கூடவே ஓடிக் குதித்துக்கொண்டும் இருக்க வேண்டும்.

இதுவரைக்கும் சொன்னது பாதி. மீதிப் பாதி, அந்த நட்சத்திரத்தின் மேல் ஏறிப் போகலாம். எங்கேயும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள், திரையில் அம்புக்குறி வராது, பயிற்சி ஸ்டேஜ் கிடையாது. நான் கண்டுபிடித்ததே தற்செயலாகத்தான். ஒரு சரிவில் எறிந்துவிட்டு அவசரத்தில் பின்னாலேயே குதித்தேன், விழுந்த இடத்தில் நட்சத்திரம் இருந்தது, அது என்னைத் தூக்கிக்கொண்டு துள்ளிப் போய் ஒரு பள்ளத்தைத் தாண்டி விட்டது. அங்கேயே கேமை நிறுத்தி வைக்கும் பட்டனை அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை கடந்து வந்த எல்லா இடத்திலும் ‘ஏன் இங்கே இவ்வளவு உயரத்தில் ஒரு திட்டு?’ என்று யோசித்து விட்டுவிட்டு வந்ததெல்லாம் ஞாபகம் வந்தது.

ஏறுவது எப்படி என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த கேமின் உயிரே அங்கேதான் இருக்கிறது. எளிதான வழி, சுவரைப் பார்த்து நின்று எறிவது. நட்சத்திரம் சுவரில் முட்டி உங்களை நோக்கித் திரும்பி வரும். அது தரையில் பட்டு மேலே எழும்பும் நேரத்தில் நீங்கள் மேலிருந்து இறங்க வேண்டும். சீக்கிரம் குதித்தால் அது உங்கள் காலுக்கடியில் வருவதற்குள் தரையைத் தொட்டுவிடுவீர்கள், தாமதித்தால் அது உங்களைத் தாண்டிப் போய்விடும். சரியாக இறங்கிவிட்டால் அதன் துள்ளலோடு நீங்களும் துள்ளுவீர்கள், அந்தத் துள்ளலின் உச்சியில் இன்னொரு குதி போட்டால் சாதாரணமாக எட்டாத உயரம் எட்டும். படிக்கும்போது சுலபமாக இருக்கிறது. எனக்கு இது பத்துக்கு ஐந்து தடவை வர ஒரு வார இறுதி முழுக்கத் தேவைப்பட்டது, பத்துக்கு எட்டு இன்னும் வரவில்லை.

யுமெதாரோவுக்கே தனி எடை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டே இருந்துவிட்டு விரலை எடுத்தால் சட்டென்று நிற்காது, கொஞ்சம் வழுக்கிப் போய் நிற்கும். சரிவில் நின்றால் மெல்லக் கீழே இறங்கும். சில எதிரிகளின் தலைமேல் நிற்கவும் முடியும், அவர்கள் போகிற போக்கில் நீங்களும் போவீர்கள். மரியோவில் தலையில் மிதித்தால் எதிரி செத்துப்போவான் என்ற பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு இது பெரிய குழப்பம். எனக்கும் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே விதி. தரை, சரிவு, எதிரி, நட்சத்திரம் எதுவாக இருந்தாலும் மேலே நிற்கலாம், அது நகர்ந்தால் நீங்களும் நகர்வீர்கள். 8-பிட் காலத்து கேம் ஒன்றில் இவ்வளவு ஒழுங்கான இயற்பியலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வடிவமைத்தவர் தொமொமி சாகாய். செத்துப்போகும் ஒவ்வொரு தடவையும் தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்ள வைக்கிறார், கோபம்கூட முழுதாக வர மாட்டேன் என்கிறது.

இப்போது கொடுமையான பகுதி. கேமில் ஆறு ஸ்டேஜ்தான், தெரிந்தவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஒரு புதையல் ஒளிந்திருக்கிறது, பெரும்பாலும் நட்சத்திரத்தின் மேல் ஏறித்தான் அதை எடுக்க முடியும். எல்லாவற்றையும் எடுத்தால்தான் கடைசி ரகசிய ஸ்டேஜ் திறக்கும், உண்மையான முடிவும் அங்கேதான். எடுக்காவிட்டாலும் கேம் முடியும், ஆனால் முடிந்த மாதிரி இருக்காது. இதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. கையில் இருக்கும் லைஃப், அதாவது உயிர்கள், எல்லாம் தீர்ந்து, ஆட்டத்தைத் தொடரவிடும் கன்டினியூவை ஒரே ஒரு தடவை போட்டுவிட்டால் அதுவரை சேர்த்த புதையல் அத்தனையும் போய்விடும். அதாவது முதலிலிருந்து கடைசி வரை கன்டினியூ போடாமல், எல்லாப் புதையலையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இதை நான் ஓர் அநியாயமாகத்தான் ரொம்ப நாள் நினைத்தேன். ஐந்து புதையலோடு ஆறாவது ஸ்டேஜ் வரை போய், கடைசி லைஃபில், ஒரு சாதாரணக் குதியில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தேன். புதையலுக்காகக்கூட இல்லை, அடுத்த திட்டுக்குப் போகிற குதி. கன்டினியூ கேட்டுத் திரை வந்தது. ‘ஆம்’ என்று போட்டால் ஒன்றுமே இல்லாமல் தொடரலாம், ‘இல்லை’ என்று போட்டால் முதல் ஸ்டேஜ். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். இரண்டு நாள் தொடவில்லை.

ஆனால் யோசித்தால், இந்த விதி இல்லாவிட்டால் புதையல்களுக்கு மதிப்பே இருக்காது. எடுக்கப் போகிற இடத்தில் ஒரு லைஃபை இழக்கலாமா, இருக்கிற லைஃபை வைத்துக்கொண்டு பேசாமல் வெளியே போய்விடலாமா என்ற கணக்கு ஒவ்வொரு ஸ்டேஜிலும் மனசுக்குள் ஓடும். ஏறி விளையாடத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே ஸ்டேஜ் இரண்டு வேறு ஸ்டேஜாக ஆவது அதனால்தான். எல்லாருக்கும் இது பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இது வீண் வேலையாகத் தோன்றலாம், அதுவும் நியாயம்தான்.

வழியில் கிடைக்கும் பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். உயிர் ஏற்றும் மருந்து, வெடிகுண்டு, தீப்பந்து. நான் பெரும்பாலும் மருந்தை ஸ்டேஜ் முடிவில் வரும் பெரிய எதிரியான பாஸோடு போடும் சண்டைக்கு என்று பத்திரப்படுத்தி, பாஸிடம் போவதற்குள் செத்துப்போவேன். அப்படிச் செய்யாதீர்கள்.

இசையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என்னை மன்னிக்க மாட்டார்கள். மசாஷி காகேயாமா போட்ட இசை. ஃபேமிகாமில் இருப்பது ஐந்து ஒலித்தடம், சன்சாஃப்ட் இந்த கேம் பதிந்திருக்கும் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே தங்கள் சொந்த சிப் ஒன்றை வைத்து மேலும் மூன்றைச் சேர்த்தார்கள். அந்த சிப்பின் கூடுதல் ஒலியைப் பயன்படுத்திய ஒரே கேம் இதுதான். ஜாஸ் வாடை அடிக்கும் அந்த மெட்டுகள் இவ்வளவு கடினமான கேமுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு குளிர்ந்த மாலை நேரம் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். பத்தாவது தடவை சாகும்போதும் எரிச்சல் வராமல் இருக்கப் பாதிக் காரணம் அந்த இசைதான். பாவம் ஸ்காண்டிநேவியக்காரர்கள், ஜப்பானுக்கு வெளியே விற்ற கன்சோலில் கார்ட்ரிட்ஜின் ஒலியைக் கலக்கும் வசதி அப்படியே இல்லாததால் அந்தக் கூடுதல் தடங்கள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்கே விளையாடுவது என்று யாராவது கேட்பீர்கள். 2023-ல் ‘கிம்மிக் ஸ்பெஷல் எடிஷன்’ என்று இன்றைய கன்சோல்களுக்கும் கணினிக்கும் மறுவெளியீடு வந்தது, நான் விளையாடியதும் அதுதான். நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம், தப்பு செய்தால் ரீவைண்ட் போட்டுப் பின்னால் போகலாம். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆறாவது ஸ்டேஜ் கதைக்குப் பிறகு ரீவைண்ட் போட்டுப் போட்டு ஒரே மாலையில் எல்லாப் புதையலையும் எடுத்து, ரகசிய ஸ்டேஜையும் முடித்தேன். முடிவுக் காட்சி ஓடியது. பார்த்தேன், அணைத்தேன். அடுத்த நாள் அந்த முடிவில் என்ன வந்தது என்பதே எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, ஆனால் தற்செயலாக நட்சத்திரத்தில் ஏறிய அந்த முதல் பள்ளம் எந்த நிறத்தில் இருந்தது என்றுகூட ஞாபகம் இருக்கிறது.

அதனால் ரீவைண்டைத் தொடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, பயிற்சிக்கு நல்ல வசதி அது. ஒரு புதையல் இருக்கும் இடத்துக்கு முன்னால் சேவ் செய்து வைத்து, ஏறும் நேரத்தைக் கை கற்றுக்கொள்ளும் வரை அங்கேயே இருபது தடவை முயற்சி செய்யுங்கள். கற்றுக்கொண்டபின் முதலிலிருந்து ஒரு தடவை அசலாக ஆடிப் பாருங்கள்.

நான் இப்போது அப்படித்தான் ஆடுகிறேன். மூன்றாவது ஸ்டேஜ் வரை புதையலோடு போகிறேன், நான்காவதில் ஒரு தடவை வருகிறது, ஒரு தடவை வர மாட்டேன் என்கிறது. நேற்று ராத்திரிகூட ஓர் இடத்தில் எறிந்தது சரி, சுவரில் முட்டியது சரி, திரும்பி வந்ததும் சரி, நான் மட்டும் ஒரு நொடி முன்னால் குதித்துவிட்டேன். நான் பள்ளத்தில் விழுந்தேன், நட்சத்திரம் மேலே தன் பாட்டுக்குத் துள்ளிக்கொண்டு போய்ப் புதையல் பக்கத்தில் ஒரு முட்டு முட்டிவிட்டு மறைந்தது.