நாங்களே கட்டிய ட்ரோனில் மாந்தோப்புக்கு மருந்தடிக்கலாமா?

கேள்வி: டிப்ளமோ முடித்தவன், ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். நண்பனும் நானும் உதிரிபாகங்கள் வாங்கி, பத்து லிட்டர் டேங்க் வைத்த ட்ரோன் ஒன்றைக் கட்டிவிட்டோம். மா பூக்கும் பருவத்தில் ஏக்கர் கணக்கில் கூலி பேசி மருந்தடிக்கலாம் என்று திட்டம். ஆனால் இங்கே ஏகப்பட்ட லைசென்ஸ் கேட்பார்கள், பெங்களூரு போனால் சுலபம் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: பெங்களூரு போனால் ஒன்றும் மாறாது. 2021 ட்ரோன் விதிகள் மத்திய அரசினுடையவை, ஓசூருக்கு அந்தப் பக்கமும் இதே சட்டம்தான். பச்சை மண்டலமாக, அதாவது ட்ரோன் பறக்கத் தடையில்லாத வான்பகுதியாக இருந்தால் 400 அடி உயரம் வரை பறக்க முன் அனுமதியே வேண்டாம். தோப்பு எந்த மண்டலத்தில் வருகிறது என்று மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தடை நீங்கள் கட்டிய ட்ரோனேதான். கூலிக்குப் பறக்கும் ட்ரோனுக்கு வகைச் சான்றிதழும் (அந்த மாடல் சோதனையில் தேறியது என்ற சான்று) பதிவு எண்ணும் வேண்டும். ஒரே ஒரு ட்ரோன் கட்டிய இரண்டு பேருக்கு அந்தச் சான்றிதழுக்கான சோதனைச் செலவு கட்டுப்படியாகாது, இது சின்னவர்களைத்தான் அதிகம் அடிக்கிறது என்பது என் வருத்தம். ஆனால் இதே சட்டத்தில் உங்களுக்கென்று ஒரு வழியும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை: டிபிஐஐடி என்ற மத்திய தொழில் ஊக்குவிப்புத் துறையின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்போ, ஜிஎஸ்டி எண் உள்ள ட்ரோன் தயாரிப்பாளரோ ஆராய்ச்சிக்காகப் பச்சை மண்டலத்தில், தங்கள் சொந்த இடத்துக்குள் பறக்கவிட்டால் வகைச் சான்றிதழும் வேண்டாம், பதிவு எண்ணும் வேண்டாம், பைலட் சான்றிதழும் வேண்டாம். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தது, உதிரிபாகத்துக்குத் தடையில்லை. அதனால் உள்ளூரில் கட்டுகிறவர்களுக்கு இடம் இருக்கிறது, அந்த முயற்சியை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் வருமானத்துக்கு அதை நம்ப வேண்டாம். முதலில் டிஜிசிஏ (மத்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த பயிற்சி மையத்தில் பைலட் சான்றிதழ் வாங்குங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் போதும், சான்றிதழ் பத்து வருடம் செல்லும். அப்புறம் வகைச் சான்றிதழ் உள்ள ட்ரோனை வாடகைக்கு எடுத்தோ, வாங்கியோ தொழிலைத் தொடங்கலாம். வாங்குவதாக இருந்தால் விவசாயக் கருவி வாடகை மையம் அமைப்பவர்களுக்கு 40 சதவீதம், அதிகபட்சம் 4 லட்சம் என்று 2022-ல் மத்திய அரசு மானியம் அறிவித்தது. இந்த வருடம் நிதி இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள், அது கட்டாயம்.

இன்னொன்று, மருந்து. கடையில் கிடைப்பதை எல்லாம் ட்ரோனில் ஊற்ற முடியாது, ட்ரோனில் தெளிக்க அனுமதி பெற்ற மருந்தாக இருக்க வேண்டும். பூ முழுக்க விரிந்திருக்கும்போது பூச்சிக்கொல்லி அடித்தால் தேனீ சாகும், காய்ப்பிடிப்பு குறையும், தோப்புக்காரர் அடுத்த வருடம் உங்களைக் கூப்பிட மாட்டார். வயதான பெங்களூரா ரக மாமரங்களில் மேலிருந்து அடிக்கும் மருந்து உள்கிளைகளுக்குச் சரியாக இறங்காது என்பதையும் கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள். கவாத்து செய்த, அடர்நடவுத் தோப்புகளில் தொடங்குவது நல்லது.