அம்மாவிடம் கேட்டீர்களா, தம்பி?

கேள்வி: ஜனவரியில் ஐந்து நாள் அந்தமான் போகிறோம். அப்போது எங்கள் மகனுக்கு ஐந்து மாதம் முடிந்திருக்கும். சென்னையிலிருந்து விமானம், போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குப் படகு. விமானத்தில் அவனுக்குக் காது வலிக்குமா? வெயிலுக்கு சன்ஸ்கிரீன் தடவலாமா? தண்ணீர் கொடுக்கலாமா? நானும் மனைவியும் கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங் போகும்போது பார்த்துக்கொள்ள என் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டுவிட்டோம். இன்னும் அவரிடம் சொல்லவில்லை, சர்ப்ரைஸ். முழங்கால் வலி உண்டு, ஆனால் பேரனைத் தூக்கினால் மறந்துவிடுவார்.
- வாசகர், திருச்சி

பதில்: தம்பி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் குழந்தையைப் பற்றி. அம்மாவைப் பற்றிக் கேள்வியே இல்லை, தகவல் மட்டும்தான். டிக்கெட் போட்டாயிற்று, சொல்லவில்லை. இதற்குப் பெயர் சர்ப்ரைஸா? வீட்டு வேலைக்கு வருகிறவரிடம்கூட "ஐந்து நாள் வெளியூர் வர முடியுமா, எவ்வளவு தரட்டும்" என்று கேட்டுவிட்டுத்தானே கூட்டிப்போவோம்? பெற்ற தாய்க்கு அதுவும் இல்லை. இதே கடிதம் ஊட்டி, கோவா, துபாய் என்று ஊர் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. எல்லாரும் கடலுக்கோ கடைக்கோ போயிருப்பார்கள், பாட்டி மட்டும் ஏசி அறையில் தொட்டிலைப் பார்த்தபடி இருப்பார்.

முழங்கால் வலி மறந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். மறக்காது. உங்களிடம் சொல்லமாட்டார், அவ்வளவுதான். ஹேவ்லாக் படகு ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரம் வரை ஓடும், அலையைப் பொறுத்து ஆட்டும். அதில் அவருக்கே தலை சுற்றி வாந்தி வந்தால் குழந்தையை யார் பிடிப்பது? யோசித்தீர்களா?

சரி, கேட்டதற்கு வருகிறேன். விமானம் கீழே இறங்கும்போதுதான் காது அதிகம் அடைக்கும். அந்த நேரத்தில் பால் குடிக்கக் கொடுங்கள், விழுங்க விழுங்கச் சரியாகும். சளி இருந்தால் கிளம்பும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழல், தொப்பி, கை மூடிய பருத்திச் சட்டை போதும். அந்தமானில் ஜனவரியில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும், ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். குழந்தையைக் காலை எட்டு மணிக்குள் கடற்கரைக்குத் தூக்கிப்போய்த் திரும்புங்கள். கொசுவலை எடுத்துப்போங்கள். பிறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும். ஹேவ்லாக்கில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமானால் மறுபடி கடல் தாண்டிப் போர்ட் பிளேருக்கு வரவேண்டும். (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், நமக்குத்தான் இன்னும் வாயில் வரவில்லை.)

தண்ணீர் வேண்டாம். வெயில் ஊர் என்றாலும் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதாவது உங்கள் மனைவி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையிடம் வந்தாக வேண்டும். ஸ்கூபாவில் தண்ணீருக்குள் இருப்பது கொஞ்ச நேரம்தான், ஆனால் படிவம், உடை, பயிற்சி எல்லாம் சேர்த்தால் அரை நாள் போய்விடும். பசித்து அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வார்? ஒரு நாள் நீங்கள் இறங்குங்கள், மறுநாள் மனைவி இறங்கட்டும். பெற்றவர்கள் முறை வைத்துப் பார்த்தால் யாரும் தேவையில்லை. ஊர் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், ஸ்கூபா முடிந்து 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏறவேண்டும்.

அப்புறம், இன்றைக்கே அம்மாவிடம் பேசுங்கள். டிக்கெட்டைக் காட்டாமல் "அந்தமான் பார்க்க வருகிறாயா அம்மா?" என்று மட்டும் கேளுங்கள். வருகிறேன் என்றால் செல்லுலார் சிறைக்கும் ராதாநகர் கடற்கரைக்கும் உங்களோடு அவரும் வரட்டும். ஒரு சாயங்காலம் அவரும் மருமகளும் கடலோரம் உட்கார்ந்திருக்க, நீங்கள் அறையில் பிள்ளைக்குத் துணி மாற்றுங்கள். வரவில்லை என்றால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். அதில் எவ்வளவு பணம் போயிற்று என்று அவர் காதில் விழ வேண்டாம்.