கோழிக் குடலில் இருக்கும் கெட்ட பாக்டீரியாவை மருந்தில்லாமல், தீவனத்தாலேயே குறைக்க முடியுமா?

முடியும். ஆனால் புதிதாக எதைக் கலப்பது என்று யோசிக்கும் முன், இப்போது போடும் தீவனத்தில் எது அதிகம், அதை எப்படி அரைக்கிறீர்கள் என்று பாருங்கள். இருநூறு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். இதை நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

சீக்கிரம் எடை ஏறட்டும் என்று ஒருமுறை கருவாட்டுத்தூளை அள்ளிப் போட்டேன், மக்காச்சோளத்தையும் மாவாக அரைத்துவிட்டேன். பத்தே நாளில் எச்சம் தண்ணீராகி நாற்றமடித்தது. ஆறு கோழி செத்தது. கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துக் காட்டினார். வழவழப்பாக இருக்க வேண்டிய குடலின் உட்புறம், அழுக்கேறிய பழைய துண்டு மாதிரி சொரசொரவென்று இருந்தது. குளோஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா செய்த வேலை. நன்றாக இருக்கும் கோழியின் குடலிலும் அது கொஞ்சம் இருக்குமாம். செரிக்காத புரதம் மிஞ்சினால் அதைத் தின்று பெருகி நஞ்சைக் கக்கிவிடும்.

அரைப்பதும் முக்கியம். கறிக்கடையில் ஈரலோடு கெட்டியாக ஒன்று தருவார்களே, அரைவைப்பை, அதற்கு வேலை கொடுக்க வேண்டும். தானியம் குருணையாகப் போனால் அங்கே தங்கி, அமிலத்தோடு சேர்ந்து அரைபடும். அந்தப் புளிப்பில் சால்மோனெல்லா போன்ற கெட்ட பாக்டீரியாக்கள் பெருமளவு சாகும். மாவு அங்கே தங்காமல் கடந்துவிடும். இப்போது மில்லில் பெரிய கண் சல்லடை போட்டு உடைக்கச் சொல்கிறேன். பெரிய கோழிகளுக்குக் கம்பை முழுசாகவே போடுகிறேன். அதை அரைவைப்பையில் அரைக்க உதவும் சிறு கற்களும் பக்கத்தில் இருக்கும்.

அப்புறம் மோர். தீவனத்தில் ஒரு பங்கை மோரில் பிசறி, பிளாஸ்டிக் வாளியில் ஓர் இரவு புளிக்க வைப்பேன். இந்தப் புளிப்பும் கெட்ட பாக்டீரியாவை அடக்கும். பூஞ்சை வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

குஞ்சுகளுக்கு இன்னொரு வழி உண்டு. 1973-ல் பின்லாந்தில் நுர்மி, ரன்டாலா என்ற இருவர், வளர்ந்த கோழியின் குடலில் உள்ள பாக்டீரியாக்களைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்லவை முதலில் இடம் பிடித்துக்கொண்டதால் சால்மோனெல்லாவால் எளிதில் தொற்ற முடியவில்லை. தாயோடு மேயும் குஞ்சுக்கு இது தானாகவே கிடைக்கிறது. இன்குபேட்டர் குஞ்சுக்குக் கிடைக்காது, அதற்குத்தான் நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக்.

ஒன்று மட்டும் கவனம். வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது, அதற்குத் தடுப்பூசிதான். ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியால் வருவது. இரண்டுக்கும் மோர் கொடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். கோழி செத்தால் புதைத்துவிடாமல், அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.