முகவாட்டம் அவிசுவாசமா?

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுநர். எட்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் போய்விட்டது. தையல் வேலை செய்து வீட்டையும் மகளின் கல்லூரிக் கட்டணத்தையும் நான்தான் சமாளிக்கிறேன். சபையின் பெண்கள் கூடுகைக்குப் போனால், ‘கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்ற வசனத்தை எடுத்துச் சொல்லி, முகவாட்டம் அவிசுவாசத்தின் அடையாளம் என்கிறார்கள். இரண்டு மாதமாக ஆராதனைக்கே போகவில்லை. வீட்டில் இரவு ஜெபம் மட்டும் நடக்கிறது. நான் பாடும்போது அவர் உதடுகள் அசையும். எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. என் விசுவாசம் செத்துவிட்டதா, அம்மா? – ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: இல்லை, மகளே. செத்த விசுவாசம் எட்டு மாதமாக ஒவ்வோர் இரவும் ஜெபத்துக்கு விளக்கேற்றாது.

உங்களைக் காயப்படுத்திய அந்த வசனத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது பிலிப்பியர் நிருபம், 4ஆம் அதிகாரம், 4ஆம் வசனம். காவலில் கட்டுண்டிருந்த அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி ஊர்ச் சபைக்கு அதை எழுதினார். அதே கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியையும் பாருங்கள். பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பிய உதவியைச் சுமந்துகொண்டு எப்பாப்பிரோதீத்து என்ற சகோதரர் பவுலிடம் வருகிறார். வந்த இடத்தில் சாகும் தறுவாய் வரை நோய்வாய்ப்படுகிறார். பிறகு பிழைத்துக்கொள்கிறார். அதைப் பற்றிப் பவுல் எழுதும்போது, ‘துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு’ தேவன் இரங்கினார் என்கிறார். கவனியுங்கள்: ஏற்கெனவே ஒரு துக்கம் இருக்கிறது, இன்னொன்று வந்து சேராமல் தேவன் காத்தார் என்பதுதான் அதன் பொருள். எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று எழுதிய கைதான் இதையும் எழுதியது. தம் துக்கத்தைப் பவுல் மறைக்கவில்லை. அதற்காக வெட்கப்படவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நம் தமிழில் ‘இருங்கள்’ என்றால் மரியாதைக்காக ஒருவரிடம் சொன்னதாகவும் கொள்ளலாம், பலரிடம் சொன்னதாகவும் கொள்ளலாம். கிரேக்க மூலத்தில் அந்தக் குழப்பமே இல்லை. அங்கே இருப்பது பன்மை. ஒரு சபை முழுவதற்கும் சேர்த்துச் சொன்ன கட்டளை அது. அதை அப்படியே தூக்கி, பக்கவாதக் கணவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத் தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் ஒரு பெண்ணின் தலையில் மட்டும் வைப்பது அநியாயம். எனக்குக் கோபமே வருகிறது. பவுலுக்குச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று அதே அதிகாரத்தின் 10ஆம் வசனத்தில் இருக்கிறது: பிலிப்பி சபையார் தம்மை மறுபடியும் நினைத்து விசாரித்ததால் வந்தது. சிறையில் தனியாக உட்கார்ந்து அவர் அதை வரவழைத்துக்கொள்ளவில்லை. எப்பாப்பிரோதீத்துவின் கால்கள் அதை நெடுந்தூரம் சுமந்து வந்தன.

உங்களிடம் அந்த வசனத்தைச் சொன்ன சகோதரிகள் கெட்டவர்கள் அல்ல. என்ன சொல்வதென்று தெரியாமல் சொல்லியிருப்பார்கள். ஆனால் மனத்துயரத்தில் இருப்பவனிடம் பாட்டுப் பாடுவது, குளிர்காலத்தில் அவன் உடையைக் களைவதற்குச் சமம் என்று நீதிமொழிகள் 25ஆம் அதிகாரம் சொல்கிறது. என் தம்பி இறந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன ஆறுதல் வசனங்களில் ஒன்றுகூட எனக்கு இன்று நினைவில்லை. உபதேசியாரின் மனைவி மட்டும் எதுவும் பேசாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, “ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது?” என்று அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மத்தியானம் அரிசியோடும் மண்ணெண்ணெயோடும் திரும்பி வந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அம்மாவின் முகத்தை நினைத்தால் என் மனம் நிறைகிறது.

அதனால் ஆராதனைக்குத் திரும்பிப் போங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் சிரித்த முகத்தோடு அல்ல. நம்பிக்கையான ஒரே ஒருவரிடம், உங்கள் போதகரின் மனைவியான ஐயரம்மாவிடமோ பக்கத்து வீட்டுச் சகோதரியிடமோ, ‘ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் இவரைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும்’ என்று நேராகக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பவுலும் உதவியைப் பெற்றுக்கொண்டு, ‘நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது’ என்று எழுதினார். அசனத்துக்கு அண்டா அண்டாவாகச் சமைத்து ஊருக்கே பந்தி வைக்கத் தெரிந்த சபைகள் நம்முடையவை. உங்கள் வீட்டுக்கு ஒருவரை அனுப்புவது அவர்களுக்குப் பெரிய காரியமல்ல. யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜெபத்தில் நன்றியும் துதியுமான ஸ்தோத்திரப் பலி மட்டுமே ஏறெடுக்க வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். ஆறுதலான ஒரு வார்த்தைகூட இல்லாமல், இருட்டிலேயே முடிகிற சங்கீதம் அது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிற தேவன், உங்கள் அழுகையைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். பாட முடியாத இரவில் அதை உரக்க வாசியுங்கள், அதுவே ஜெபம்.

சில காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்கே தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் இல்லாமல் போனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தாலோ 14416 என்ற எண்ணை அழையுங்கள். கட்டணமில்லாத மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். சோர்ந்துபோய்ச் சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டு, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. நீங்கள் பாடும்போது அவர் உதடுகள் அசைகின்றன என்கிறீர்கள். வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் போனால், பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டிருக்கும். பாடுவதில் மூளையின் வலப்பக்கத்துக்கும் பங்கு உண்டு. அதனால்தான் ஒரு சொல்லும் பேச முடியாத சிலர், சிறு வயதிலிருந்து மனப்பாடமான பாட்டைச் சொற்களோடு பாடிவிடுகிறார்கள். பேச்சுப் பயிற்சியாளர்கள் இதைக்கொண்டே பயிற்சி கொடுப்பதும் உண்டு. எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. மருத்துவரிடம் இதைத் தவறாமல் சொல்லுங்கள்.

இன்று இரவு, அவர் ஞாயிறு பள்ளியில் கற்ற பழைய கீர்த்தனை ஒன்றை எடுங்கள். அவருக்கு எதிரில் முகம் தெரிய உட்கார்ந்து, வழக்கத்தைவிட மெதுவாக, அவர் குரலுக்கு எட்டும் சுருதியில் தொடங்குங்கள். இரண்டாவது வரியின் கடைசிச் சொல்லை நீங்கள் பாடாமல் அவருக்காக விட்டுக் காத்திருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.