வாசகர் கேள்வி–பதில்: ரூன் எழுத்துகளும் புதிய தொடக்கங்களும்

கேள்வி: ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் 15 ஆண்டுகளாகப் பராமரிப்பு உதவியாளராகப் பணியாற்றுகிறேன். வயது 44. தாதியர் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்து, இடமும் கிடைத்துவிட்டது. உடன் பணியாற்றும் நோர்வீஜியத் தோழி ஒருவர், வட ஐரோப்பாவின் பண்டைய எழுத்துகளான ரூன்களைச் செதுக்கிய, குறி பார்ப்பதற்கான மரக்கட்டைகளைப் பிறந்தநாள் பரிசாகத் தந்தார். படிப்பு எப்படி அமையும் என்று நினைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தேன், ‘நௌதிஸ்’ வந்தது. உடனிருந்த கையேட்டில், ‘தடை, பற்றாக்குறை, பொறுத்திருங்கள்’ என்று போட்டிருக்கிறது. அன்றிலிருந்து மனம் சரியில்லை. படிப்பைத் தள்ளிப்போடலாமா?
— வாசகி, ஒஸ்லோ

பதில்: ஒரு கட்டையைக் காரணமாக வைத்துத் தள்ளிப்போட வேண்டாம், சகோதரி. பையில் இருக்கும் 24 கட்டைகளில் எது கைக்கு அகப்படும் என்பதற்கும் உங்கள் படிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அந்தப் பெயரைக் கண்டதும் உங்கள் மனம் கலங்கியது என்றால், அந்தக் கலக்கம் அதற்கு முன்பே உள்ளே இருந்திருக்க வேண்டும். அது என்னவென்று பார்ப்பதற்கு ரூன் எழுத்து உதவும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

கையேட்டை மூடிவிட்டுப் பழைய பாடல்களிடம் செல்லுங்கள். ரூன் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்களை விளக்கும் பாடல்கள் நோர்வே, ஐஸ்லாந்து, இங்கிலாந்து ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் நமக்குக் கிடைத்துள்ளன. நீங்கள் எடுத்த எழுத்தின் பொருள் ‘தேவை’, ‘நெருக்கடி’. நேராக ஒரு கோடு, அதன் குறுக்கே சாய்வாக ஒரு சிறு கோடு. அவ்வளவுதான் அதன் வடிவம். நோர்வேப் பாடல் அதைப் பற்றி, ‘நெருக்கடி வந்தால் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது, உடையில்லாதவன் பனியில் விறைக்கிறான்’ என்று கூறுகிறது. பழைய ஆங்கிலப் பாடலோ, நெருக்கடி நெஞ்சை இறுக்கும் என்று தொடங்கி, உரிய காலத்தில் அதற்குச் செவிசாய்ப்பவர்களுக்கு அதுவே துணையாகவும் மருந்தாகவும் ஆவதுண்டு என்று முடிகிறது. இந்தப் பாடலின் கையெழுத்துப் படி 1731-இல் நேர்ந்த தீவிபத்தில் அழிந்துபோனது. 1705-இலேயே அது அச்சேறியிருந்ததால்தான் இந்த வரிகள் இன்று நம் கைக்கு வந்திருக்கின்றன. ‘பொறுத்திருங்கள்’ என்ற அறிவுரை இரண்டு பாடல்களிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எனவே கட்டையிடம் ‘எப்படி அமையும்?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘எந்த இடத்தில் எனக்கு நெஞ்சு இறுகுகிறது?’ என்று உங்களிடமே கேட்டு, மனத்தில் படுவதை ஒரு தாளில் எழுதுங்கள். முழுச் சம்பளம் நின்றால் வீட்டுக் கடன் தவணையை எப்படிக் கட்டுவது, நோர்வீஜிய மொழியில் தேர்வு எழுத முடியுமா, பிள்ளைகளின் வயதொத்தவர்களோடு ஒரே வகுப்பில் உட்காருவதா என எதுவாகவும் அது இருக்கலாம். எழுதியவற்றுள் படிப்பு தொடங்குவதற்கு முன்பே செய்து முடிக்கக்கூடியது எது என்று பாருங்கள். உரிய காலத்தில் செவிசாய்ப்பது என்று பாடல் சொல்வதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலையை விட்டுச் சொந்தமாக அச்சகம் தொடங்க முனைந்தபோது, கால்நடையையும் செல்வத்தையும் குறிக்கும் ‘ஃபெஹு’ என் கைக்கு வந்தது. நல்ல சகுனம் என்றார்கள் நண்பர்கள். ஆனால் நோர்வேப் பாடல் அந்த எழுத்துக்கு, ‘செல்வம் உறவினரிடையே பகை மூட்டும்’ என்று சொல்கிறது. அதைப் படித்த அன்று இரவே தம்பியை அழைத்து, அவனிடம் வாங்கியிருந்த பணத்தை எப்போது, எப்படித் திருப்பித் தருவேன் என்பதை எழுதிக் கொடுத்தேன். அந்தப் பேச்சை நான் மூன்று மாதங்களாகத் தவிர்த்து வந்திருந்தேன்.

கேள்வி: பண்டைக் காலத்தில் உண்மையிலேயே ரூன் எழுத்துகளைக் கொண்டு குறி பார்த்தார்களா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உறுதியான சான்று இல்லை. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98-இல், ஜெர்மானிய மக்கள் காய்க்கும் மரத்தின் கிளையொன்றை வெட்டித் துண்டுகளாக்கி, அவற்றில் அடையாளங்கள் இட்டு, வெள்ளைத் துணியின் மேல் சிதறவிட்டு, வானை நோக்கி வேண்டிக்கொண்டு மூன்றை எடுத்துப் பலன் கண்டதாக எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் அடையாளங்கள் ரூன் எழுத்துகள்தாமா என்பது தெளிவில்லை. ரூன் எழுத்து என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க மிகப் பழைய பொறிப்புகளுள் ஒன்றான டென்மார்க்கின் விமோஸ் சீப்பு, ஏறத்தாழ கி.பி. 160-ஐச் சேர்ந்தது.

இந்த எழுத்துகள் அன்றாட வாழ்வில் எப்படிப் புழங்கின என்பதை அறிய நான் விரும்பிப் பார்ப்பது நோர்வேயின் பெர்கன் நகரத்தைத்தான். அங்கே துறைமுகத்தையொட்டிய பிரிக்கன் பகுதியில் 1955-இல் ஏற்பட்ட தீவிபத்துக்குப் பிறகு நடந்த அகழாய்வில், இடைக்காலத்தைச் சேர்ந்த 600-க்கும் மேற்பட்ட ரூன் பொறிப்புகள், பெரும்பாலும் மரக்குச்சிகளில் எழுதப்பட்டவையாக வெளிவந்தன. சரக்கு மூட்டையில் கட்டும் பெயர்ச்சீட்டுகள், வியாபாரக் கடிதங்கள், வேண்டுதல்கள், காதல் வரிகள் எல்லாம் அவற்றில் உண்டு. ஒரு குச்சியில், ‘நீ வீட்டுக்குப் போக வேண்டும் என்று கீதா சொல்கிறாள்’ என்று செதுக்கியிருக்கிறது. கீதா என்பது அங்கே வழங்கிய ஒரு பெண்பெயர். மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்ல நினைத்ததைச் சொல்லப் பயன்பட்ட எழுத்துகள் இவை என்பதை அறிந்தபின், அவற்றின் மீது எனக்கு மதிப்பு கூடியதே தவிர, குறையவில்லை.

கேள்வி: நான் வாங்கிய பெட்டியில் எதுவும் எழுதாத கல் ஒன்றும் இருக்கிறது. ‘விதி’ என்பது அதற்குப் பொருளாம். புதுமணத் தம்பதியான எங்களுக்கு அதுவே வந்துவிட்டது. என்ன செய்வது?
— வாசகர், திருச்சி

பதில்: பழைய ரூன் வரிசையில் வெற்றுக் கல் கிடையாது, 1980-களில் அமெரிக்காவில் வெளியான ஒரு நூலின் வழியே பரவிய புதிய சேர்க்கை அது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்ற 24-இல் ‘பெர்கானோ’வைத் தேடி எடுத்து இருவரும் சேர்ந்து பாருங்கள். பூர்ச்ச மரத்தைக் குறிக்கும் அந்த எழுத்தை, இலைகளில் மிகப் பசுமையானது என்று நோர்வேப் பாடல் போற்றுகிறது. ஆங்கிலப் பாடலோ, கனி தராத அம்மரம் விதையில்லாமலேயே துளிர்விடும் என்கிறது. உங்கள் இரண்டு குடும்பங்களிலிருந்தும் விதையாக எதைக் கொண்டுவர விரும்புகிறீர்கள், எதைப் புதிதாகத் துளிர்க்கவிட வேண்டும் என்பதை ஒருவர் சொல்ல மற்றவர் குறுக்கிடாமல் கேளுங்கள். பேசி முடிக்க ஒரு மாலைப்பொழுது போதாமலும் போகலாம்.